பத்து லிட்டர் கூழும் ஒரு எலுமிச்சம்பழமும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. பாறையைப் பிளக்கிற ஆராய்ச்சிக்கு உதவியாளர் வேண்டும் என்றார்கள். நான் சுத்தியலோடு போனேன்.

நான்கு கிலோ சுத்தியல். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பம்பும் குழாயும் பழுது பார்த்த காலமெல்லாம் என்னோடு இருந்தது. தொழிற்சாலை மூடிய பிறகு கிடைத்த வேலை இது. பாறை என்றால் சும்மாவா என்று, சுத்தியலை மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் வைத்து, இரும்பு முனைக் காலணியும் மஞ்சள் தலைக்கவசமுமாக மாசாயிலிருந்து கிளம்பி, ஜொகூர் பாருவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் போய் நின்றேன்.

உள்ளே ஒரு பெண் குனிந்து மணல் சலித்துக்கொண்டிருந்தாள். வயது முப்பதுக்குள். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள், இனி நான் உதவ வேண்டியது அவளுக்குத்தான் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சுத்தியலைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பாறை எங்கே என்று கேட்டேன். சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்த இரண்டு கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகைகளைக் காட்டினாள்.

"இதுதாண்ணே பாறை. தொட்டாலே கீறல் விழும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். அன்றிலிருந்து அந்தச் சுத்தியல் ஆய்வுக்கூடத்துக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக நிற்கிறது. அங்கே நான் கொண்டுவந்தவற்றில் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அவள் வேலை எனக்குப் புரிந்த அளவில் இது. பூமிக்கு அடியில், ஆழத்தில், பாறைக்குள் எண்ணெயும் வாயுவும் சிக்கிக் கிடக்கின்றன. மேலிருந்து திரவத்தைப் பேரழுத்தத்தோடு செலுத்தினால் பாறை விரிசல் விடும். அழுத்தத்தை எடுத்தால் விரிசல் மூடிக்கொள்ளும். ஆகவே திரவத்தோடு மணலையும் அனுப்புகிறார்கள். மணல் உள்ளே போய் முட்டுக் கொடுத்து நின்றால் விரிசல் திறந்தபடி இருக்கும். சிக்கல் என்னவென்றால், மணலுக்குச் சோம்பல் அதிகம். வாசலிலேயே விழுந்து குவியும். தூரத்துக்கும் போகாது, கிளை விரிசல்களுக்குள் திரும்பவும் திரும்பாது. அந்த இரண்டு பலகைகளுக்கு நடுவே சுண்டுவிரல்கூட நுழையாத இடைவெளி ஒன்று இருந்தது, அதுதான் விரிசல். பக்கவாட்டில் செங்கோணத்தில் பிரியும் இன்னொரு இடைவெளி, அது கிளை. அதற்குள் மணல் எப்படிப் போகிறது, எங்கே விழுகிறது என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் தண்ணீர் மணலைச் சுமக்காது. அதனால் தண்ணீரில் ஒரு மாவைக் கலந்து கூழாக்குவார்கள். அந்த மாவு எதிலிருந்து வருகிறது தெரியுமா? கொத்தவரங்காய் விதையிலிருந்து. வாழ்நாளெல்லாம் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த காய் உலகத்தின் எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறங்கி வேலை செய்கிறது என்று கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். கிணறே அதைச் சாப்பிடும்போது உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டு மறுநாளே பொரியல் செய்தாள்.

மாவை ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். ஓட்டத்துக்கு, அதாவது மணலைப் பம்பால் உள்ளே ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு, முன் கொஞ்சம் வெண்காரம் சேர்த்தால் கூழ் இறுகும்; கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டாமல் நாக்குப் போலத் தொங்கும், நிமிர்த்தினால் திரும்ப ஏறிக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது நான் அரை மணி நேரம் அதை இறக்கி ஏற்றி விளையாடினேன். அவள் தன் குறிப்பேட்டில் "கரண்டிச் சோதனை: முப்பது நிமிடம், தேவையில்லாதது" என்று எழுதிவைத்தாள்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை போட்டது, பேனாவால் எழுதியது. தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டாள். ஒரே ஒரு கோடு கிழிப்பாள், அடியில் இருப்பது படிக்கிற மாதிரி. ஒரு பக்கத்தையும் கிழித்ததில்லை. தொழிற்சாலையில் நாங்கள் எழுதிய பதிவேடுகளை நினைத்துக்கொண்டேன். அவற்றைப் படித்தால் எந்த இயந்திரமும் என்றைக்கும் பழுதானதில்லை.

அவள் யோங் பெங்கில் வளர்ந்தவள். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். சனிக்கிழமை ஊருக்குப் போய், ஞாயிறு காலை அங்கே மாதா கோயில் பூசையை முடித்துவிட்டுத் திரும்புவாள். அவளுடைய கண்டுபிடிப்பும் அங்கிருந்து வந்ததுதான். பெருநாள் விடுமுறைக் கூட்டத்தில் நெடுஞ்சாலையிலிருந்து யோங் பெங் பக்கம் வண்டிகள் பிரிகிற இடம் நெரிந்து நிற்கும். எல்லாரும் ஒட்டிக்கொண்டு வருவதால் யாராலும் திரும்ப முடியாது. போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டிகளைக் கூட்டம் கூட்டமாக, விட்டு விட்டு அனுப்பினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு திரும்பிப் போகும். அப்பாவின் லோரியில் உட்கார்ந்து இதை இரண்டு மணி நேரம் பார்த்தவளுக்கு, மணலையும் விட்டு விட்டு அனுப்பினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அதே நெரிசலில் நானும் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன். எனக்குத் தோன்றியதெல்லாம் கெட்ட வார்த்தைகள்.

அவள் யோசனை பலித்தது. வழக்கமாகப் போடும் மாவில் பாதிதான்; ஆனால் மணலை விட்டு விட்டு அனுப்பினால் அது மூலையில் திரும்பி, கிளையின் கடைசி வரை போனது. முதல் ஓட்டத்தில் போனது. இரண்டாவதிலும் போனது. எங்கள் பேராசிரியர், அதிகம் பேசாத மலாய்க்காரர், ஒரே நிபந்தனைதான் வைத்திருந்தார்: மூன்று ஓட்டமும் ஒத்துப்போனால் எழுதலாம், இல்லாவிட்டால் அந்த அத்தியாயம் வேண்டாம். அந்த அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வேட்டில் மிஞ்சுவது முகவுரையும் நன்றியுரையும்தான்.

மூன்றாவது ஓட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. தள்ளிப்போட வழியில்லை. அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்துத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதாக இருந்தார்கள்; எங்கள் பாறையைக் கழற்றி அட்டைப்பெட்டியில் கட்ட வேண்டும். மறுபடி பூட்டும்போது இடைவெளி மயிரிழை மாறினாலும் பழைய இரண்டு ஓட்டங்களும் செல்லாது.

ஓட்டத்துக்கு முதல் நாள் ஆயுத பூசை.

தொழிற்சாலையில் அந்த நாளை நாங்கள் விட்டதே இல்லை. பம்புக்குச் சந்தனம், பெரிய இயந்திரத்துக்கு வாழைக்கன்று, பார இயந்திரங்களின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சீன மேலாளரே தன் மேசைக்கு ஒரு பொட்டு வைக்கச் சொல்லிக் காத்திருப்பார். ஆய்வுக்கூடத்திலும் செய்யலாமா என்று அவளைக் கேட்டேன். இது அவள் வழிபாடு இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு நொடி யோசித்துவிட்டு, தாராளமாகச் செய்யுங்கள், கேமராவின் கண்ணாடியில் மட்டும் பொட்டு வேண்டாம் என்றாள். பூசையின்போது கைகட்டி அமைதியாக நின்றாள். பிறகு சுண்டலை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு பேராசிரியருக்குக் கொடுக்கப் போனாள்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருக்கிற கலை எனக்கு எந்த வயதிலும் வாய்த்ததில்லை. பம்புக்குப் பொட்டு வைத்தாயிற்று, கலக்கும் இயந்திரத்துக்கு வைத்தாயிற்று, நாளைய ஓட்டத்தின் உயிரே வாளியில் ஊறுகிற அந்தப் பத்து லிட்டர் கூழ்தானே, அதற்கு ஒன்றும் செய்யவில்லையே என்று மனம் அரித்தது. வாளிக்கு வெளியே குங்குமப் பொட்டு வைத்தேன். மூடியைத் திறந்தேன். பூசை முடிந்ததும் இயந்திரத்தை ஒரு சுற்று ஓட்டுவது முறை என்று கலக்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டேன். ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, குங்குமம் தடவி, வாளியின் விளிம்பில் ஒரு பாதியும் எதிர் விளிம்பில் மறு பாதியுமாக வைத்தேன். பார்க்க மிக அழகாக இருந்தது.

இயந்திரம் ஓடினால் வாளி அதிரும் என்பது பம்பு வேலையில் வாழ்நாளைக் கழித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாதி வழுக்கி உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் பாய்ந்த என் முழங்கை பட்டு மறு பாதியும் விழுந்தது. நான் பொத்தானைத் தேடி அணைப்பதற்குள் இயந்திரம் இரண்டையும் நன்றாகப் பிழிந்து, தோலை நறுக்கியும் கொடுத்துவிட்டது.

தேநீர் வடிகட்டியால் துண்டு துண்டாக அள்ளி எடுத்தேன். மூடியைப் போட்டேன். பத்து லிட்டரில் ஒரு பழம், ரசத்தில் விழுந்திருந்தால் புளிப்புகூடத் தெரியாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொன்னேன். அவள் திரும்பி வந்து, பேராசிரியருக்குச் சுண்டலில் தேங்காய் பிடித்திருந்தது என்றாள். நான் ரொம்ப சந்தோஷம் என்றேன்.

மறுநாள் அவள் மூன்று முறை எடைபோட்டு வெண்காரம் சேர்த்தாள். கூழ் இறுகியது, ஆனால் கரண்டியில் நாக்குக் கொஞ்சம் நீளமாகத் தொங்கியது போல எனக்குப் பட்டது. அவளும் நெற்றியைச் சுருக்கினாள். கூழின் கெட்டியை அளக்கும் கருவி எதிர்க் கட்டடத்தில் இருந்தது. மாதிரியை அங்கே அனுப்பிவிட்டு, கூழ் பழசாவதற்குள் ஓட்டத்தைத் தொடங்கினாள். கேமரா ஓடியது. மணல் வந்தது. மூலைக்கு வந்ததும், நீண்ட பயணத்தில் அலுத்தவன் பையைப் போட்டுவிட்டு உட்காருவது போல, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அடுத்த கூட்டம் வந்து அதன் மேல் உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் கிளையின் வாசலில் ஒரு மணல்மேடு. உள்ளே ஒரு மணியும் இல்லை.

அவள் கத்தவில்லை, அழவில்லை. பம்பை நிறுத்தினாள். எதிர்க் கட்டடத்திலிருந்து அளவு வந்தது. கூழ் வழக்கமான கெட்டியில் பாதிகூட இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குறிப்பேட்டின் எடைகளை முதலிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். தான்தான் எடையில் தப்புச் செய்திருக்க வேண்டும், இன்றைக்கு எடை தவறியது என்றால் முதல் இரண்டு ஓட்டங்களிலும் தவறவில்லை என்று எப்படி நம்புவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். இருந்தும் என் வாயிலிருந்து வந்தது உண்மை இல்லை. அதைவிடக் கேவலமான ஒன்று. இந்த ஓட்டத்தின் வீடியோவை அழித்துவிட்டு, நடக்காத மாதிரி நினைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று ஓட்டினால் யாருக்குத் தெரியும் என்றேன்.

"எனக்குத் தெரியும்லாண்ணே. நடந்தது நடந்துருச்சு, எழுதித்தான் ஆகணும்."

எழுதினாள். மூன்றாவது ஓட்டம், மணல் திரும்பவில்லை, காரணம் தெரியவில்லை, எடைப் பிழையாக இருக்கலாம். தன் தலையில் தானே பழியைப் போட்டு, தேதியும் போட்டுக் கையெழுத்து வைத்தாள். முதல் இரண்டையும் நம்ப முடியாமல் போனால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுவதாகப் பேராசிரியருக்குச் சொல்லப் போவதாகவும், மதியத்துக்குள் யோசித்து முடிவு செய்வதாகவும் சொன்னாள். நான் வெளியே போய்ப் பால் சேர்க்காத தேநீர், ஒரு தே ஓ, வாங்கினேன். குடிக்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று திரும்பி வருவேன்; கதவருகே என் சுத்தியலைப் பார்ப்பேன்; இன்னும் ஒரு தே ஓ வாங்கப் போவேன். மூன்று தடவை.

மூன்றாவது தடவை திரும்பியபோது அவள் வாளியைக் கழுவப் போகிறவள் போலத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்திருந்தாள். கழுவவில்லை. விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வாளிக்கு வெளிய நீங்க வெச்ச பொட்டு செவப்பா இருக்கு. உள்ள வழிஞ்சிருக்கறது மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

கடையில் வாங்கிய சாயக் குங்குமமாக இருந்தால் நான் தப்பியிருப்பேன். அது என் மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த அசல் குங்குமம். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். அதன் மேல் புளிப்பு பட்டால் திரும்ப மஞ்சளாகும். இதை அவள் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆலாத்தித் தட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கும் தெரிந்ததுதான். வெளிச்சம், நிழல் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அவள் கை வலிக்குமே என்றுதான் உண்மையைச் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எலுமிச்சம்பழம் விழுந்துருச்சும்மா. மிக்சர் ஓடிட்டு இருந்துச்சு."

"பாதியா, முழுசா?"

"முழுசு. நீ சுண்டல் குடுக்கப் போனப்ப."

வாளியை வைத்தாள். பிறகு பேசினாள்; குரலை உயர்த்தாமல் பேசியதுதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"நேத்தே சொல்லியிருந்தா கூழ மாத்தியிருப்பேன். காலையிலேருந்து என்னையே சந்தேகப்பட்டு உக்காந்திருக்கேன்ணே."

இதற்கு நகைச்சுவையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

அவள் என்னிடம் இன்னொரு பழம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்துக்கு வைக்க எடுத்துவைத்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல கூழை இறுக்கினாள். சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு. கரண்டி நாக்கு நீண்டது, இளகியது, கடைசியில் தண்ணீராகச் சொட்டியது. கூழின் கட்டு காரத்தில்தான் நிற்கும், புளிப்பு பட்டால் அவிழும் என்றாள். பிறகு வேறொரு புட்டியிலிருந்து காரத் திரவம் கொஞ்சம் விட்டுக் கலக்கினாள். தண்ணீராகக் கிடந்தது என் கண்முன் திரும்ப இறுகி நாக்கை நீட்டியது. அலமாக் என்று வாயைப் பிளந்தேன். அவள் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒன்று வந்திருந்தது. என் மேல் இருந்த கோபத்தை அவள் மறந்துவிடவில்லை. அதைக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது.

குறிப்பேட்டில் காலையில் எழுதிய "எடைப் பிழையாக இருக்கலாம்" என்பதன் மேல் ஒரு கோடு கிழித்தாள், படிக்கிற மாதிரி. அருகில் "எலுமிச்சம்பழம், ஒன்று, முழுது" என்று எழுதினாள். எழுதியது நான் செய்த காரியம். ஆனால் அதில் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

பேராசிரியரிடமாவது நானே சொல்கிறேன் என்று போனேன். பயந்து பயந்து மலாயில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விழுந்தது பெரிய லீமாவ் நீப்பிஸா, சின்ன லீமாவ் கஸ்தூரியா என்று மட்டும் கேட்டார். இரண்டுக்கும் புளிப்பு வேறு, ஆய்வேட்டில் சரியாக எழுத வேண்டும் என்றார். அந்தக் கட்டடத்தில் என்னைத் திட்டக்கூடத் தெரிந்த ஒரு மனிதர் இல்லை.

மீதம் நான்கு நாள் இருந்தது. புதிய வாளி, புதிய கூழ். ஊறுகிற ஒரு நாள் முழுக்க நான் அந்த வாளிக்கு இரண்டு கை தூரத்துக்குள் போகவில்லை. ஓட்டத்தன்று விளக்கைப் பிடிப்பது என் வேலை. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்றாள். நான் காரணம் கேட்கவில்லை.

மணல் வந்தது. முதல் கூட்டம் மெல்ல உருண்டு, மூலைக்கு வந்து தயங்கியது. நான் எட்டிப் பார்க்கப் போக, விளக்கும் கூடவே சாய்ந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே நேராகப் பிடிக்கச் சொன்னாள். பின்னால் தெளிந்த கூழ் ஒரு தள்ளுத் தள்ளியது. மணல் எழுந்து, ஒரு பக்கம் சாய்ந்து, கிளைக்குள் திரும்பியது. அடுத்த கூட்டம் அதன் தடத்திலேயே திரும்பியது. அதற்கடுத்தது இன்னும் கொஞ்ச தூரம் போனது. விளக்கொளியில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே உடம்பாக நகர்ந்தது. குழாய்க்குள் ஓடுவதைப் பார்க்காமலே குழாயோடு குடும்பம் நடத்தியவன் நான். உள்ளே இப்படித்தான் இருக்கும் என்று யாராவது முன்பே காட்டியிருந்தால் அந்த வேலையைக் கொஞ்சம் பயபக்தியோடு செய்திருப்பேன். கிளையின் கடைசிச் சுவரில் முதல் மணி போய் மோதியபோது அவள் நேரத்தைக் குறித்தாள். முதல் இரண்டு ஓட்டங்களோடு ஒத்துப்போனது. அவள் செய்தது இரண்டு கையையும் முகத்தில் வைத்து ஒரு பெருமூச்சு விட்டது மட்டும்தான். பிறகு பம்பை நிறுத்தி, பலகைகளை அவளே துடைத்தாள்.

அத்தியாயம் நின்றது. எலுமிச்சம்பழ ஓட்டத்தையும் அவள் மறைக்கவில்லை. கூழில் புளிப்பு ஏறினால் மணல் எங்கே விழும் என்று தனியாக மூன்று பக்கம் எழுதினாள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் அதிக நேரம் கேள்வி கேட்டது அந்த மூன்று பக்கத்தைப் பற்றித்தான் என்றாள். அதில் என் சாதனை "தற்செயலான அமிலக் கலப்பு" என்று குறிப்பிடப்பட்டிருக்கிறது. இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் திட்டியதில்லை.

இப்போது அவளுக்கு வேலை சிங்கப்பூரில். தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் வருகிறாள். ஆய்வுக்கூடத்துத் தரை பளபளக்கிறது. கதவுக்கு இன்னும் என் சுத்தியல்தான். இந்த வருடம் ஆயுத பூசை வந்தது. பம்புக்குப் பொட்டு வைத்துப் படம் எடுத்தேன், வாழைக்கன்றைப் படம் எடுத்தேன், கண்ணாடியில் பொட்டு இல்லாத கேமராவையும் படம் எடுத்தேன். எல்லாவற்றையும் அவளுக்கு அனுப்பி, கூடவே நீளமாக ஒரு செய்தியும் எழுதினேன். எல்லாம் முறையாக நடந்தது, பேராசிரியர் இந்தத் தடவை சுண்டலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், இப்போது வந்திருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு உன் குறிப்பேட்டைத்தான் காட்டுகிறேன், அன்றைக்கு நான் உடனே சொல்லாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் உன் பங்குச் சுண்டல் எடுத்துவைக்கிறேன் என்றெல்லாம் எழுதினேன். கண் கலங்கியது என்றுகூட எழுதி, பிறகு அதை மட்டும் அழித்துவிட்டேன்.

மதியம் பதில் வந்தது.

"வாளிய மூடினீங்களா?"